பிடித்த வரி, மாற்றிய பணம் ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில், அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் ஓய்வுக்காலச் சேமிப்பை சாதா ஐஆர்ஏவிலிருந்து (ஐஆர்ஏ என்பது தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) ராத் ஐஆர்ஏவுக்கு மாற்றிக்கொள்வது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழில் இதையெல்லாம் எழுத ஆள் கிடைப்பதே அபூர்வம், அதனால் முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு இடம் இடித்தது. மாற்றும்போதே வரியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டால் வரிக் கணக்கு தாக்கல் செய்யும் ஏப்ரலில் தலைவலி இல்லை என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருந்தார். நான் அதைத்தான் செய்தேன். ஏப்ரலில் தலைவலி இல்லை, உண்மைதான். மே கடைசியில் வந்தது.

நான் நியூ ஜெர்சி எடிசனில் இருபது வருஷமாக இருக்கிறேன். கணக்கர் இல்லை, ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை. வீட்டு வரிக் கணக்கை வருஷாவருஷம் நானே சாஃப்ட்வேரில் போட்டு முடிப்பேன், என் வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும் போடுவார். அந்தப் பெருமையில்தான் விழுந்தேன் என்று வையுங்களேன்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. சாதா ஐஆர்ஏவில் போடும் பணத்துக்குப் பெரும்பாலும் போடும்போது வரி இல்லை, எடுக்கும்போது உண்டு. ராத்தில் தலைகீழ், வரி கட்டிய பணத்தைப் போட்டு வைத்து, வயதான பின் விதிப்படி எடுத்தால் வளர்ந்ததற்கும் சேர்த்து வரி இல்லை. ராத் கணக்கு, டெலவேரைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் வில்லியம் ராத் பெயரில் 1997 சட்டத்தில் வந்தது, 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. சாதாவிலிருந்து ராத்துக்கு மாற்றினால் மாற்றிய தொகை அந்த வருஷ வருமானத்தில் சேரும். முன்பு 1 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் மாற்றவே முடியாது, 2010 முதல் அந்தத் தடை போய்விட்டது. மாற்றியதைத் திருப்பிக்கொள்ளவும் ஒரு காலத்தில் வழி இருந்தது, 2018 முதல் அதை எடுத்துவிட்டார்கள். அதாவது இன்றைக்கு இது ஒருவழிப் பாதை. பொத்தானை அழுத்தும் முன் பார்க்க வேண்டும்.

நான் பார்க்கவில்லை. 2024 நவம்பர் 12, இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். பழைய வேலையின் 401கே பணம் (வேலை கொடுப்பவர் வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) ஒரு ஐஆர்ஏவில் கிடந்தது, அதில் 40,000 டாலரை ராத்துக்கு மாற்றுவது என்று முடிவு. நிறுவனத்தின் வலைத்தளத்தில் ஐந்தாறு பக்கம் வந்தது, அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போனேன். நடுவில் ஒரு பக்கத்தில் மத்திய வரிப் பிடித்தம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறது. டபிள்யூ-4ஆர் என்ற படிவத்தின் இணைய வடிவம் அது. நாமாக வேறு சதவீதம் சொல்லாவிட்டால் 10 சதவீதம் பிடிப்பார்கள். பூஜ்யம் என்று போடவும் உரிமை உண்டு. 10 ஏற்கெனவே நிரப்பப்பட்டு இருந்தது, கண்ணில் பட்டது கூட ஞாபகம் இருக்கிறது, "சரி, எப்படியும் கட்ட வேண்டிய வரிதானே, இப்போதே போகட்டும்" என்று நினைத்தேன். உங்கள் கட்டுரையாளர் நினைத்ததும் இதுவேதான்.

நடந்தது என்ன? ஐஆர்ஏவிலிருந்து 40,000 வெளியே போனது. ராத்துக்குள் 36,000 வந்தது. மீதி 4,000 மத்திய வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் போனது. இந்த 4,000 மாற்றப்பட்ட பணம் இல்லை. நான் என் ஓய்வுக்கால கணக்கிலிருந்து 4,000 டாலரைக் கையில் எடுத்து, அதை அரசாங்கத்துக்குக் கட்டினேன் என்றுதான் சட்டம் பார்க்கிறது. எனக்கு அப்போது வயது 53. 59½ வயதுக்கு முன்னால், விதிவிலக்கு எதுவும் இல்லாமல் எடுத்தால் வருமான வரிக்கு மேலே 10 சதவீதம் கூடுதல் வரி. 36,000க்கு அந்த 10 சதவீதம் கிடையாது, ஏனென்றால் அது மாற்றம். 4,000க்கு உண்டு. 400 டாலர். வரியை முன்கூட்டியே கட்டியதற்குத் தண்டம் மாதிரி இருக்கிறது, ஆனால் கணக்கு அப்படித்தான்.

ஜனவரி கடைசியில், ஓய்வுக்கால கணக்கிலிருந்து வெளியே போன பணத்தைச் சொல்லும் 1099-ஆர் வந்தது. ஒரே தாள். 1ஆம் கட்டத்தில் 40,000. 2ஏ கட்டத்திலும் அதே, பக்கத்தில் வரிக்குரிய தொகை நிர்ணயிக்கப்படவில்லை என்ற சின்னப் பெட்டியில் குறி. 4ஆம் கட்டத்தில் பிடித்த வரி 4,000. 7ஆம் கட்டத்தில் கோட் 2. இந்த 2 என்பது, 59½ ஆகவில்லை, ஆனால் விதிவிலக்கு உண்டு என்று சொல்வது. மாற்றத்துக்கு அதுதான் சரியான எண். ஆனால் 40,000 முழுவதுக்கும் அதைப் போட்டிருந்தார்கள். முறைப்படி இரண்டு தாள் வந்திருக்க வேண்டும்: 36,000க்கு கோட் 2, 4,000க்கு கோட் 1. கோட் 1 என்றால் முன்கூட்டியே எடுத்தது, எங்களுக்குத் தெரிந்து விதிவிலக்கு இல்லை என்று பொருள்.

சாஃப்ட்வேரில் அந்தத் தாளை ஏற்றினேன். இந்தப் பணத்தை என்ன செய்தீர்கள், முழுவதையும் ராத்துக்கு மாற்றினீர்களா, ஒரு பகுதியையா என்று கேட்டது. முழுவதும் என்று சொன்னேன். மனசாட்சிப்படி பொய் இல்லை, நான் மாற்றியது 40,000 என்றுதான் நம்பினேன். வரிக் கணக்கோடு இணைக்கும் 8606 படிவத்தின் இரண்டாம் பகுதியில் மாற்றிய தொகை 40,000 என்று விழுந்தது. தண்ட வரி பூஜ்யம். மார்ச்சில் அனுப்பிவிட்டேன்.

மே கடைசியில் 5498 என்று ஒரு தாள் வந்தது. பலர் அதைப் பிரிக்காமலே போட்டு வைப்பார்கள், கணக்கு தாக்கல் செய்த பிறகு வருவதால் அதற்கு மரியாதை இல்லை. ராத் கணக்குக்குள் வந்த பணத்தைச் சொல்லும் தாள் அது. 3ஆம் கட்டத்தில், மாற்றமாக வந்த தொகை: 36,000. சமையலறை மேடையில் நின்றுகொண்டு அதையும் 8606 நகலையும் மாறி மாறிப் பார்த்தேன். நான் 40,000 என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், நிறுவனம் 36,000 என்று ஐஆர்எஸ்ஸுக்கு எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே அலுவலகத்துக்குத்தான் போகும்.

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். முதல் முறை பேசிய பையன், படிவம் சரிதான், உங்கள் வரி ஆலோசகரைக் கேளுங்கள் என்றான். இரண்டாம் முறை ஒரு வயதான அம்மாள், நான் 5498ஐப் படித்துக் காட்டியதும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார், அப்புறம் மேலே அனுப்புகிறேன் என்றார். மூன்று வாரத்தில் திருத்திய 1099-ஆர் இரண்டு தாளாக வந்தது. ஜூனில் 1040-எக்ஸ் என்ற திருத்தக் கணக்கைப் போட்டு 400 டாலரும் சில டாலர் வட்டியும் கட்டினேன்.

சரியாகப் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், இதே குழப்பத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் உதவும். இது என் கணக்குக்குப் பொருந்துவது, அதாவது ஐஆர்ஏவில் வரி கட்டிய பணம் ஒரு பைசா கூட இல்லாதபோது. 1040 என்ற முக்கிய வரிக் கணக்குப் படிவத்தில் 4ஏ வரியில் 40,000, 4பி வரியிலும் 40,000. வருமானத்தைப் பொறுத்தவரை மாற்றியதும் வருமானம்தான், எடுத்ததும் வருமானம்தான், இங்கே பிரிக்க வேண்டியதில்லை. பிடித்த 4,000, 25பி வரியில் ஏறி நம் கணக்கில் கட்டிய வரியாக வரவு ஆகும், சம்பளத்தில் பிடித்ததைப் போலவே. 8606இன் இரண்டாம் பகுதியில் 16ஆம் வரியில் 36,000 மட்டும். மீதி 4,000க்கு, கூடுதல் வரியைக் கணக்கிடும் 5329 படிவத்தின் முதல் பகுதி, அதன் 10 சதவீதம் 400 டாலர் ஷெட்யூல் 2 என்ற இணைப்புத் தாள் வழியாக மொத்த வரியில் சேரும். அவ்வளவுதான். சாஃப்ட்வேரில் செய்கிறவர்கள் இந்த வரி எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், முழுவதுமா ஒரு பகுதியா என்ற அந்தக் கேள்வி வரும்போது ராத்துக்குள் உண்மையில் வந்த தொகையை, நவம்பர் மாத ஸ்டேட்மெண்டைப் பார்த்து, அடித்தால் போதும்.

400 டாலருக்கா இவ்வளவு என்று கேட்கலாம். பணம் சின்னதுதான். ஆனால் 8606இல் எழுதுவது அந்த வருஷத்தோடு போவதில்லை. 59½க்கு முன்னால் ராத்திலிருந்து பணம் எடுத்தால், எந்த வருஷம் எவ்வளவு மாற்றினோம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து வருஷம் ஆகிவிட்டதா என்று பார்ப்பார்கள். உள்ளே வராத 4,000ஐ வந்ததாக எழுதி வைத்தால், பல வருஷம் கழித்து அதை எடுக்கும்போது கணக்கு உதைக்கும், அன்றைக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதைச் சரிசெய்ய ஒரு வாசல் இருந்தது, அதையும் தவறவிட்டேன். பணம் வெளியே போன 60 நாளுக்குள், பிடிக்கப்பட்ட 4,000க்குச் சமமாக என் சேமிப்புக் கணக்கிலிருந்து 4,000ஐ எடுத்து ராத்தில் போட்டிருந்தால், முழு 40,000மும் மாற்றம் ஆகியிருக்கும், 400 போயே இருக்காது, பிடித்த 4,000 வழக்கம்போல வரவாகக் கிடைத்திருக்கும். போடும்போது இது வருடாந்தரப் பங்களிப்பு இல்லை, 60 நாள் ரோலோவர் (எடுத்த பணத்தை மறுபடி ஓய்வுக்கால கணக்கில் போடுவது) என்று நிறுவனத்திடம் சொல்லிப் போட வேண்டும், இல்லையென்றால் அது வேறு குழப்பம். நவம்பர் 12இலிருந்து எண்ணினால் ஜனவரி 11 கடைசி நாள். 1099-ஆர் அனுப்ப அவர்களுக்கு ஜனவரி 31 வரை நேரம். அதாவது நாள் கடந்த பிறகுதான் தாள் கைக்கு வருகிறது. தாளுக்காகக் காத்திருந்தால் வாசல் மூடியிருக்கும். பிறகு தளர்வு கேட்க வழி இருக்கிறது, வீட்டில் மரணம், கடும் நோய், நிறுவனம் செய்த பிழை என்று சில காரணங்களை ஏற்கிறார்கள். "பாத்திரம் கழுவிய களைப்பில் அடுத்து என்று அழுத்திவிட்டேன்" அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்று, இது கட்டுரையாளர் எழுதாமல் விட்டது. 10 சதவீதம் பிடித்தால் வரி முடிந்தது என்று அர்த்தம் இல்லை. ஊரில் பிக்சட் டெபாசிட் வட்டிக்கு வங்கி டிடிஎஸ் பிடிப்பது எல்லோருக்கும் தெரியும், 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அந்த 10 சதவீதம் எந்த மூலைக்கு? இங்கேயும் அதேதான். 2024இல் நாங்கள் இருவருமாகச் சேர்ந்து 22 சதவீத அடுக்கில் இருந்தோம், தம்பதிக்கு வரிக்குரிய வருமானம் 94,300 முதல் 2,01,050 டாலர் வரை அந்த அடுக்கு. 40,000க்கு 22 சதவீதம் 8,800. பிடித்தது 4,000. மீதி 4,800 டாலர் மார்ச்சில் எங்கள் சேமிப்பிலிருந்துதான் போனது. அப்படியென்றால் அந்த 4,000ஐயும் சேமிப்பிலிருந்தே கட்டியிருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பதில் சொல்லவில்லை, காபி போடப் போய்விட்டேன்.

என் கூட வேலை பார்க்கும் தோழிக்கு நடந்தது இதைவிட வேடிக்கை. வருமானம் அதிகம் என்பதால் ராத்தில் நேராகப் போட முடியாது, அதனால் சாதா ஐஆர்ஏவில் வரிச் சலுகை இல்லாமல் 7,000 போட்டு, மறுவாரமே அதை ராத்துக்கு மாற்றினாள். பின்வாசல் என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். அவளும் 10 சதவீதத்தை விட்டுவிட்டாள். 700 பிடித்துக்கொண்டு 6,300 உள்ளே வந்தது. வரி கட்டிய பணத்தையே மாற்றியிருக்கிறாள், வேறு ஐஆர்ஏ எதுவும் இல்லை, எனவே வரியே இல்லை. வரியே இல்லாத இடத்தில் 700 டாலர் வரி பிடித்தாயிற்று! தண்டமும் வராது, ஏனென்றால் அந்த 10 சதவீதம் வரிக்குரிய பகுதிக்கு மட்டும்தான். 8606இன் முதல் பகுதியில் 7,000 போட்டதைக் காட்டி, எடுத்தது 700, மாற்றியது 6,300 என்று பிரித்து எழுதினால் எல்லாம் பூஜ்யத்தில் முடியும், 700 திரும்பி வரும். ஆனால் ராத்துக்குள் இருக்க வேண்டிய 700 வெளியே நின்றுவிட்டது. 8606ஐ இணைக்க மறந்திருந்தாலோ, 7,000க்கும் வரி போட்டிருப்பார்கள், படிவம் தராததற்கு 50 டாலர் அபராதம் தனி.

எங்கள் மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஆர்ஏவில் நேராகப் போடும் பணத்துக்கு நியூ ஜெர்சி வரிச்சலுகை தருவதே இல்லை, அதனால் மத்திய அரசுக்கு முழுத் தொகையும் வருமானமாக இருந்தாலும் மாநிலத்துக்கு ஏற்கெனவே வரி கட்டிய பகுதி கழியும். பலர் மத்திய எண்ணை அப்படியே மாநிலப் படிவத்தில் இறக்கி இரண்டு முறை கட்டுகிறார்கள். எனக்கு 401கேயிலிருந்து வந்த பணம் என்பதால் இந்தக் கழிவு கிடைக்கவில்லை, மற்றவர்களாவது பழைய தாள்களைத் தேடிப் பாருங்கள்.

வரி பிடிப்பது எப்போதுமே தப்பு என்று நான் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் 67 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், மாலையில் நடக்கப் போகும்போது பார்ப்பேன். நான் இந்தக் கதையைச் சொன்னதும் சிரித்தார். "எனக்கு 59½ எல்லாம் எப்பவோ போச்சும்மா, டிசம்பர்ல மாத்தும்போது நல்லா புடிச்சுக்கச் சொல்லிடுவேன்" என்றார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. தவணை தவணையாக முன்வரி கட்ட மறந்தவர்கள் டிசம்பரில் பிடிக்கச் சொன்னால்கூட, பிடித்த வரியை வருஷம் முழுவதும் சமமாகக் கட்டியதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அவருக்குத் தண்டம் கிடையாது, 1099-ஆர் தாளின் 7ஆம் கட்டத்தில், வயது தாண்டியவர் என்று சொல்லும் கோட் 7 வரும். ஆனால் அவரும் 8606இல் ராத்துக்குள் போனதை மட்டும்தான் மாற்றம் என்று எழுத வேண்டும், பிடித்ததைச் சேர்க்கக் கூடாது. அவர் கவலைப்பட வேண்டியது மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தைப் பற்றி, இந்த வருஷம் வருமானம் ஏறினால் இரண்டு வருஷம் கழித்து பிரீமியம் ஏறும். அதைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு நடையை வேகமாக்கினார்.

எனவே ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையில் கொடுத்திருந்த உதாரணத்தில், 50 வயதுக்காரர் ஒருவர் மாற்றும் தொகையில் வரியையும் பிடிக்கச் சொல்லி, முழுத் தொகையும் ராத்தில் வளர்வதாகக் கணக்குக் காட்டியிருக்கிறது. பிடித்தது போக மீதிதான் வளரும், பிடித்ததற்கு 10 சதவீதம் தண்டமும் உண்டு. அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போட்டால் நல்லது. டிசம்பர் 31க்குள் செய்தால்தான் அந்த வருஷக் கணக்கில் வரும் என்பதால் கடைசி இரண்டு வாரத்தில்தான் எல்லோரும் அவசர அவசரமாக மாற்றுகிறார்கள், அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். இந்த வருஷம் ஏற்கெனவே மாற்றியவர்கள் இன்றைக்கே ஸ்டேட்மெண்டைத் திறந்து, வெளியே போனதும் உள்ளே வந்ததும் ஒரே தொகையா என்று பார்க்கட்டும். குறைந்திருந்தால் 60 நாளை எண்ணத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
எடிசன், நியூ ஜெர்சி